அதே பெயரில் இன்னொருவர்

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை அவளும் பிடித்துத் தூக்கிய பிறகுதான் மேலிருந்த காகிதங்கள் சரியத் தொடங்கின. ஒரு காகிதக் கட்டை அவள் மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இறக்குக்கா, இறக்கு,” என்றான் தம்பி. “முதல்ல இதையெல்லாம் எடுத்துரலாம். அப்பா பத்து மணிக்கு வந்துருவாரு.”

சொல்லி முடித்த பிறகும் அவன் வாய் சற்று நேரம் மூடவில்லை. மருத்துவமனை வண்டி பத்து மணிக்கு வரும் என்றுதான் சொல்ல வந்தான். கூடத்தில் பெட்டியை வைக்க இடம் வேண்டும். அதற்கு மேசை வெளியே போக வேண்டும். அதற்கு மேசைமேல் பரப்பியிருந்த அப்பாவின் காகிதங்கள் எங்கேயாவது போக வேண்டும்.

“கட்டிலுக்கு அடியில தள்ளு,” என்றாள் அம்மா, சமையலறை வாசலில் நின்றபடி. “எங்க போட்டா என்ன, இனிமே தேட ஆளில்ல.”

அம்மா அழவில்லை. நேற்று சேதி வந்ததிலிருந்து அவளும் அழவில்லை. பல் பிடுங்குமுன் ஈறில் போடும் மரமரப்பு ஊசி உடம்பு முழுவதும் ஏறிவிட்டதுபோல இருந்தது. தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்பா இறந்தது முடிதிருத்தும் கடையில். முறைக்காகக் காத்திருந்தவர், மடியில் செய்தித்தாளை விரித்தபடியே போய்விட்டார். இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெரியவர் அசந்துவிட்டார் என்று பின்னால் வந்தவரை முதலில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதை அந்தக் கடைக்காரரே வந்து, ஏதோ தப்பு செய்துவிட்டவர்போலத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், “மேலயும் கீழயும் போயே ஆயுசு போச்சு, இனிமே கொஞ்சம் பின்னால போய்ப் பாக்கறேன்,” என்று கிளம்பினார். கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த தன் தாத்தாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல எல்லா ஆம்பளைங்களும் வயசானா பேரப்பிள்ளையத் தேடுவாங்க. இவரு தாத்தாவத் தேடறாரு.”

ஆனால் தேடியவர் கண்டுபிடித்துவிட்டார். ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்து, பூச்சி அரித்த பதிவுகளைப் புரட்டி, தாத்தாவின் பெயரில் ஒரு ஆளை எடுத்தார். கப்பல்காரர் என்று வீட்டில் அவருக்குப் பெயர் வந்தது. கப்பல்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார், பிறகு ரயில்வே கேட்டில் காவலாளியானார், குடிக்கும் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று மேலிடத்துக்கு மனுப் போட்டார், கல்யாணம் செய்தார், இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மனுப் போட்டிருக்காரு பாத்தியா? அதான் நமக்கும் அநியாயத்தக் கண்டா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது,” என்றார். அப்பா வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவர் இல்லை.

ஒரே ஒரு இடம்தான் இடித்தது. தன் அப்பா ரொம்ப உயரம், வாசல்படியில் குனிந்துதான் உள்ளே வருவார் என்று அவளுடைய தாத்தா சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். பதிவில் இருந்த கப்பல்காரரோ குட்டையான மனிதர். அப்பா அதற்கும் ஒரு வழி பண்ணினார். “அந்தக் காலத்து வாசலே சின்னதும்மா.”

காகிதங்களைக் கட்டுக் கட்டாக அவள் உள்ளறைக்குக் கொண்டுபோனாள். நாட்காட்டித் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் வரைந்த வம்சக் கொடி ஒன்று சுருண்டு சுருண்டு எழுந்தது. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தபோது, மருத்துவமனையில் கொடுத்த பையிலிருந்து அப்பாவின் செல்போன் அடித்தது. திரையில் ‘காப்பகம்’ என்று இருந்தது. எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

“ஐயா இருக்காங்களா?” ஒரு பெண்ணின் குரல்.

“நான் அவர் பொண்ணு பேசறேன். சொல்லுங்க.”

“ஐயா ஒண்ணு தேடித் தரச் சொல்லியிருந்தாரு, அது கிடைச்சிருச்சு. உங்க தாத்தாவோட பிறப்புப் பதிவு. அதுல தகப்பன் பேருக்குப் பக்கத்துல, கப்பல்ல வந்தப்போ அவருக்குக் குடுத்த நம்பர் போட்டிருக்கு. ஐயா வச்சிருக்காரே அந்த ஆளோட நம்பர் இல்ல இது. அதே பேர்ல இன்னொருத்தர். அடுத்த கப்பல்ல வந்தவர்.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் தம்பி மேசையை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அந்த இன்னொருத்தரப் பத்தி என்ன இருக்கு?”

“ஒரே வரிதாங்க. வந்து இறங்கினாரு, நல்ல உயரம், கொஞ்ச நாள்ல வேலைய விட்டுப் போயிட்டாருன்னு இருக்கு. அப்புறம் அந்தப் பிறப்புப் பதிவுல பேரு, நம்பர். வேற எங்கயும் இல்ல. நல்லாத் தேடிப் பாத்துட்டேன்.”

“சரிங்க.”

“ஐயா ஒண்ணும் வருத்தப்பட மாட்டாருன்னு நினைக்கறேன். இல்லன்னு வந்தாத்தான் நல்லதுன்னு அவரே சொன்னாரு. எனக்குத்தான் புரியல. இங்க வர்றவங்க எல்லாரும் ஆமான்னு வரணும்னுதான் வேண்டிக்கிட்டு வருவாங்க. சொல்லிருவீங்களா?”

“சொல்லிடறேன்,” என்றாள் அவள்.

போனை வைத்த பிறகுதான், சொல்வதாக ஒப்புக்கொண்டது யாருக்கு என்பது மனதில் பட்டது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண் பதறுவாள், இவள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். போனை அணைத்துப் பையில் போட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

*

பெட்டியை வைத்ததும் கூடம் சிறுத்துப்போனது. வந்தவர்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்து வீட்டார் வந்தார்கள், முடிதிருத்துபவர் மறுபடியும் வந்தார். அவள் எல்லோருடைய மூக்குக் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துவது அவள் வேலை. முகத்தைப் பார்க்கப் பிடிக்காதபோது கண் தானாகக் கண்ணாடிக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு மாமாவின் கண்ணாடி இடது காதில் இறங்கியிருந்தது. தம்பி மனைவியின் கண்ணாடி மூக்கை அழுத்தித் தடம் போட்டிருந்தது. அப்பாவுக்குக் கண்ணாடி போடவில்லை. மருத்துவமனையில் கழற்றி உறையில் போட்டுக் கொடுத்ததை யாரும் திரும்ப மாட்டிவிடவில்லை.

வீட்டில் பஸ்காரர் என்று பேர் வாங்கிய சித்தப்பா வந்தபோது பேச்சு கொஞ்சம் அடங்கியது. முதல் வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது; கால்சட்டை சீருடைக் கால்சட்டை. செருப்பைக் கழற்றி, யாருடைய செருப்புக்கும் வழிவிட்டு, சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பாவின் காலடியில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

“அண்ணி,” என்றார் அம்மாவிடம்.

“வாங்க தம்பி,” என்றாள் அம்மா. “ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டீங்க. காப்பி குடிங்க.”

கப்பல்காரரின் இளைய மகனுடைய மகன் இவர். காப்பகத்தில் கிடைத்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், தூரத்து ஊர் ஒன்றில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவரை அப்பா கண்டுபிடித்தார். இவருடைய அப்பா சாகும்வரை, சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிப்போன தன் அண்ணனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவளுடைய தாத்தாவோ இந்த நகரத்துக்கு ஒற்றை ஆளாக வந்து சேர்ந்தவர், சொந்த ஊரைப் பற்றி வாயைத் திறக்காதவர். சாவியும் பூட்டும்போலப் பொருந்திவிட்டது. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் நரைத்த பிறகு முதல்தரம் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அம்மா இரண்டு பேரையும் கண்ணாடிமுன் நிற்கவைத்துப் பார்த்தாள். “மூக்கு அச்சுல வார்த்தாப்பல இருக்கு,” என்று தீர்ப்பும் சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். மூக்கை அளந்தே பிழைக்கிறவள் அவள். ஒன்று எடுப்பான மூக்கு, மற்றது தண்டு படிந்த மூக்கு. ஒருவருக்குப் போட்ட சட்டம் மற்றவருக்கு வழுக்கி விழும். அவளும் ஆமாம் என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. பஸ்காரருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கிடைத்த சொந்தத்தை அவர் விடவில்லை. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் உயிரோடு இல்லை. அவரும் விடவில்லை.

தம்பி அவள் தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். “தூக்கறதுக்கு ஒரு ஆள் குறையுதுக்கா. எனக்கு ஜோடியா என் உயரத்துக்கு ஆள் வேணும், இல்லன்னா பெட்டி சாயும்.”

“சித்தப்பாவச் சொல்லேன்.”

“அந்த ஆளையா?” தம்பி குரலைத் தாழ்த்தினான். “நேத்து வந்து ஒட்டிக்கிட்ட சொந்தம். அப்பாவே ஒரு காகிதத்த வச்சுக்கிட்டு ஆசைப்பட்டுச் சொன்னதுதான? நிஜமா சொந்தம்னு யாரு கண்டா?”

அவள் நாக்கு நுனியில் அந்தச் சேதி இருந்தது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தம்பி ‘நான்தான் சொன்னேனே’ என்பான்.

“சொல்லுடா அவர,” என்றாள். “உயரம் சரியா இருக்கும்.”

பஸ்காரர் முன்பக்கம் பிடித்தார். வாசலில் இறங்கும்போது, “மெதுவா, படி இருக்கு,” என்று பின்னால் வருகிறவர்களுக்குக் குரல் கொடுத்தார். பெட்டி சாயவில்லை.

*

தகனக் கூடத்தில் முன்னால் வந்த குடும்பத்துக்கு இன்னும் முடியவில்லை. நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்மாவைத் தம்பி மனைவி மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பஸ்காரர் வந்து உட்கார்ந்தார். முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

“அடுத்தது நான்தான் பாப்பா,” என்றார்.

“என்ன சித்தப்பா?”

“அண்ணனுக்கு நெஞ்சு. உங்க தாத்தாவுக்கும் நெஞ்சுதான்னு அண்ணன் சொல்லியிருக்காரு. எங்கப்பாவும் வயசாகி ஒருநாள் படுத்தவர் எழுந்திருக்கல, அதுவும் இதுவாத்தான் இருக்கும். நம்ம வம்சத்துல அப்படித்தான் எழுதியிருக்கு.” பயத்தோடு ஒரு துளி பெருமையும் அவர் குரலில் கலந்திருந்தது. “எனக்கும் போன மாசம் மலைப்பாதையில வண்டி ஏத்தும்போது இங்க ஒரு பிடி பிடிச்சது.”

“டாக்டரப் பாத்தீங்களா?”

“பாத்தேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. வாயு, போய்ச் சாப்பாட்ட ஒழுங்காச் சாப்பிடுங்கன்னுட்டாரு. ஆனா குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு கேட்டாரு. உங்க தாத்தாவுக்கு உண்டுன்னேன். அப்படியா, அப்ப எதுக்கும் ஜாக்கிரதையா இருங்கன்னாரு.” அவர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். “முதுகுக்குப் பின்னால அம்பது உசுரு உக்காந்திருக்கு பாப்பா. நான் போனா போறேன், அவங்க என்ன பண்ணுவாங்க? அதான் வேலைய விட்டுரலாம்னு. நாளைக்கு எழுதிக் குடுக்கறேன்.”

“வேலைய விட்டுட்டு?”

“வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான். அண்ணன்ட்டயும் சொன்னேன். கொஞ்சம் பொறு, ஒண்ணு பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் எதுவும் எழுதிக் குடுத்துராதன்னாரு. என்ன பாக்கறாருன்னு கேட்டேன். சொல்லல.”

அவள் நகங்களைப் பார்த்தாள். இல்லையென்று வந்தால்தான் நல்லது.

அப்பா அந்தக் கூன் விழுந்த முதுகோடு மறுபடியும் காப்பகத்துக்குப் பேருந்து ஏறிப் போயிருக்கிறார். மனுப் போட்ட தாத்தாவையும், ஞாயிற்றுக்கிழமைத் தம்பியையும் ஒருசேர இழந்துவிட வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பிட்டிருப்பார். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்திருப்பார்.

இப்போது ஏதாவது வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தொண்டை அடைக்கும், கண் கரிக்கும் என்று காத்திருந்தாள். எதிர்ச்சுவரில் ‘கைபேசிகளை அணைத்து வைக்கவும்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

அலுவலக ஆள் ஒருவர் வந்து, “அடுத்து நீங்கதான். நெருங்கின சொந்தம் மட்டும் உள்ள வாங்க,” என்றார்.

பஸ்காரர் எழுந்திருக்கவில்லை. தம்பி போய்விட்டான். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு தம்பி மனைவியும் போய்விட்டாள்.

“வாங்க சித்தப்பா,” என்றாள் அவள்.

*

சாயங்காலம் பேருந்து நிலையம்வரை அவரைக் காரில் கொண்டுவந்து விட்டாள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அம்மா சொன்னாள். காலையில் டிப்போவுக்குப் போக வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால், அவர் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

நிலையத்தில் கூரைக்குக் கீழே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவருடைய ஊர் வண்டிக்கு நேரம் இருந்தது. அவள் பேச்சை வளைக்கத் தெரியாதவள். அதனால் நேராகவே ஆரம்பித்தாள்.

“காலையில காப்பகத்துலருந்து போன் வந்துச்சு. நம்ம கணக்கு தப்பாம். கப்பல்காரர் எங்க ஆள் இல்ல. அதே பேர்ல இன்னொருத்தர் இருந்திருக்காரு. அவருதான் எங்களுக்கு.”

ஒரு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது தூணில் இடிக்காமல் நிற்கும்வரை பஸ்காரர் அதையே பார்த்தார்.

“அப்ப கப்பல்காரர்?”

“உங்க தாத்தாதான். அதுல மாத்தம் இல்ல.”

“மனுப் போட்டது?”

“உங்க தாத்தா போட்டது.”

“அண்ணன் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.” அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். “உங்களுக்கு வந்தவரப் பத்தி என்ன சொன்னாங்க?”

“ஒரு வரிதான் இருக்காம். வந்தாரு, உயரமா இருந்தாரு, போயிட்டாரு.”

“பாவம்,” என்றார் பஸ்காரர். யாரைச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, “அண்ணனுக்கு...” என்று தொடங்கி, நிறுத்தி, மாற்றிக் கேட்டார். “உங்கப்பாவுக்குத் தெரியுமா இது?”

“பதில் வர்றதுக்குள்ள போயிட்டாரு. ஆனா அவர்தான் திரும்பப் பாக்கச் சொன்னது. நீங்க வேலைய விடறேன்னு சொன்னதுக்கு அப்புறம்.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெண் குழந்தைக்கு பிஸ்கட்டை உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் நெஞ்சு?” என்றார்.

“உங்க நெஞ்சு உங்களோடது. வாயுன்னு டாக்டர் சொன்னா வாயுதான். எழுதிக் குடுக்காதீங்க.”

அவர் மூக்கு வழியாகச் சிரிப்புபோல ஒரு காற்றை விட்டார். சட்டைப்பைக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

“காலையிலேயே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் என்னத் தூக்கச் சொன்னியா?”

“தம்பி உயரத்துக்கு வேற ஆள் இல்ல,” என்றாள்.

“அது சரி,” என்றார் அவர்.

அம்மாவிடம் சொன்னாயா என்று அவர் கேட்கவில்லை. சொல்லப் போவதாக அவளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றியும் பேச்சு வரவில்லை. தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. ஒலிபெருக்கி யாருக்கும் புரியாமல் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி விளக்குகளைப் போட்டபடி வந்து அவர்களுக்கு நேராக நின்றது.

“சித்தப்பா,” என்றாள் அவள். “உங்க ஊர் வண்டி.”

அவர் முதலில் அவளைத்தான் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ஓட்டுநர் இவரைத் தெரிந்தவர்போலக் கை தூக்கினார், இவரும் தூக்கினார். கதவு திறந்தது. பிஸ்கட் கொடுத்த பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் பையோடு ஏறினார்.

“கூட்டமா இருக்கு பாப்பா,” என்றார் பஸ்காரர். “அடுத்ததுல போறேன்.”

அவள் சரி என்றாள். கதவு மூடிக்கொண்டது. வண்டி அவர்களுக்கு முன்னால் மெல்ல வளைந்து போனது. வெளிச்சமான ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பாதி இருக்கைகள் காலியாக இருந்தன.